விருந்து கலையாத வருஷம்

இறால் ரொட்டிக் கேக்கை முதல் நாளே செய்து குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். அப்போதுதான் மயோனைஸ் ரொட்டிக்குள் நன்றாக ஊறும். பலர் அன்று மதியம் செய்கிறார்கள், வெட்டும்போது சரிந்து விழுகிறது. என்னுடையது சரிந்ததில்லை.

ஐரோப்பியப் பாட்டுப் போட்டி நடக்கும் சனிக்கிழமை நம் அக்குரெய்ரி ஊரில் ஒரு கார் ஓடாது. நீங்களும் போலீஸ் ஸ்டேஷனில் டிவியைப் போட்டு வைத்திருப்பீர்கள். எங்கள் தெருவுக்கு அன்று என் வீடுதான். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

இந்த வருஷம் எல்லோரும் வேஷம் கட்டி வந்தார்கள். நர்ஸ் பிர்னா கலங்கரை விளக்கமாக வந்தாள். தலையில் பல்பு சுழன்றுகொண்டே இருந்தது. அவள் புருஷன் மீன் வேஷத்தில் சோபாவில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே குடித்தான். என் கணவன் எகிலுக்கு ஜிகினாத் துணியில் நானே கோட் தைத்திருந்தேன். கொஞ்சம் இறுக்கம்தான், ஆனால் எடுப்பாக இருந்தான்.

போன வருஷத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மதிப்பெண் அறிவிக்க ஆரம்பித்ததும் எகில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். பிர்னா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். டிவியை அணைத்துவிட்டு எல்லோரும் தெருவில் நின்றார்கள். ஆஸ்பத்திரியில் பெரிதாக ஒரு ஏப்பம் விட்டான், சரியாகிவிட்டது. வெறும் வாயு. அதற்குள் என் விருந்தாளிகள் எதிர்வீட்டு ஹில்தூரிடம் போய் மீதியைப் பார்த்துவிட்டார்கள். "அடுத்த வருஷம் எங்க வீட்டுலயே வெச்சுக்கலாமே ஸ்வாவா, உனக்கும் அலைச்சல் மிச்சம்" என்றாள் ஹில்தூர். நான் எகிலை மன்னித்துவிட்டேன். மன்னித்துவிட்டேன் என்று அவனிடம் அடிக்கடி சொல்லவும் செய்தேன்.

இந்த வருஷம் எங்கள் நாட்டுப் பாட்டு முடிந்ததும் எல்லோரும் சோபாவில் ஏறிக் குதித்ததில் அதன் கால் உடைந்தது. யாருக்கும் கவலையில்லை. ஹில்தூரே தரையில் உருண்டு சிரித்தாள். எனக்கு வயிறு வலித்தது, அவ்வளவு சிரிப்பு. சாசேஜுக்கு வெங்காயம் எடுக்கச் சமையலறைக்கு வந்தேன். எகில் அங்கே சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தான்.

"ஸ்வாவா, நெஞ்சு என்னமோ பண்ணுது."

"போன வருஷமும்தான் பண்ணுச்சு."

"இது அப்படி இல்ல. கை மரத்துப்போச்சு. பிர்னாவைக் கூப்பிடேன்."

"பிர்னா இப்பதான் ஆட ஆரம்பிச்சிருக்கா. மார்க் சொல்லி முடிக்கட்டும். வா, படு."

படுக்கையறைக்குக் கூட்டிப்போய், விருந்தாளிகளின் கோட்டுகளை ஒதுக்கிப் படுக்க வைத்தேன். பொத்தானைக் கழற்றினேன். போர்த்திவிட்டேன். யாராவது கோட்டை எடுக்க வந்து தொந்தரவு செய்யக்கூடாதே என்று கதவைப் பூட்டினேன். அவன் கைபேசியை எடுத்துக்கொண்டேன். ஓட்டுப் போடும் நேரம், என் கைபேசியில் போட வேண்டியதையெல்லாம் போட்டு முடித்திருந்தேன். அவன் பெயரில் பின்லாந்துக்குப் போட்டேன். அவனுக்கு அந்தப் பாட்டு பிடித்திருந்தது.

உதடு நீலமாக இருந்ததா என்கிறீர்கள். இருந்தது. அன்று எல்லோருமே நீல மினுமினுப்பு பூசியிருந்தோம். எகில் பூசிக்கொள்ளவில்லை என்பது உண்மைதான்.

"உன் ஆளு எங்கடி?" என்று பிர்னா கேட்டாள்.

"சரக்கு ஏத்திக்கிட்டுத் தூங்குறான்."

"பாவம், எழுப்பு. மார்க் சொல்லப்போறாங்க."

"அவனை எழுப்புனா போன வருஷக் கதைதான்."

எல்லோரும் சிரித்தார்கள். பிர்னாதான் அதிகம் சிரித்தாள். அவளை நீங்கள் தொந்தரவு செய்ய வேண்டாம். அவள் கேட்டாள், நான் பொய் சொன்னேன். சாவி என் இடுப்பில் இருந்தது.

தட்டும் சத்தம் கேட்டதா என்று மூன்றாம் முறையாகக் கேட்கிறீர்கள். கேட்டது. பின்லாந்து எங்களுக்கு முழு மதிப்பெண், பன்னிரண்டு கொடுத்த நேரம். வீடே அதிர்ந்தது. மீன் வேஷக்காரன் அழுதான். ஹில்தூர் என்னைக் கட்டிக்கொண்டு, "உன் வீடு மாதிரி வராது" என்றாள். அப்போதுதான் பிர்னா தலையைத் திருப்பி, "யாரோ கதவைத் தட்டுறாங்க" என்றாள்.

"எகில்தான். உள்ளயிருந்து தாளம் போடுறான்" என்றேன்.

அவர்களுக்கு அது பிடித்துவிட்டது. தரையிலும் மேசையிலும் தட்டி அவனோடு சேர்ந்து எல்லோரும் தாளம் போட்டார்கள். அவனுக்கும் கேட்கட்டும் என்று டிவியின் சத்தத்தைக் கூட்டினேன். அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு விருந்து அமைந்ததில்லை.

அவன்தான் முதலில் நிறுத்தினான். எகிலுக்குப் பாட்டில் அவ்வளவாக ஈடுபாடு கிடையாது.