டிரைவர் ரூமுக்குப் பூட்டு

ராஜசேகர்: ஏம்மா சம்பங்கி… வெளையாட்டுக்குத்தான பூட்டியிருக்க?

சம்பங்கி: மேனேஜர் ஆனப்புறம் வெளையாட ஏது மாஸ்டர் நேரம்?

ராஜசேகர்: டிரைவர் ரூம்ம்மா அது! நம்ம ஓட்டலுக்குக் கருவறை. சாமியே அங்கதான் உட்காந்து ஓசியில ஆம்லெட் சாப்புடுது.

சம்பங்கி: சாமி இன்னைலருந்து கூட்டத்தோட கூட்டமா உட்காந்து சாப்புடட்டும்.

ராஜசேகர்: சாமி எறங்குனாத்தான் கூட்டம் எறங்கும். காலைல வந்த பெங்களூர் பஸ் டிரைவரப் பாத்தியில்ல? பூட்டப் பாத்தான், இனிமே எல்லாருக்கும் ஒரே அடுப்புன்னு நீ சொன்னதும் ஒரு டீ கூடக் குடிக்காம ஜனத்த ஏத்திட்டுக் கெளம்பிட்டான். இந்நேரம் செல்லுல அத்தன பேருக்கும் சொல்லியிருப்பான்.

சம்பங்கி: சொல்லட்டும். நமக்கு நோட்டீஸ் அடிக்கற செலவு மிச்சம்.

ராஜசேகர்: சிரிக்காத. குருபரப்பள்ளி தாண்டிப் புதுசா ஒரு ஓட்டல் தொறந்திருக்கான். டிரைவருக்கு ஏசி ரூம், கட்டில் வேற. ஒரு வாரம் எவனும் இங்க நிக்கலன்னா ஓனர் கடைய இழுத்து மூடிருவாரு. நானு, நீ, சப்ளையருங்க… எல்லாம் சிப்காட் கம்பெனி கேட்டுல வேல கேட்டுப் போயி நிக்க வேண்டியதுதான்.

சம்பங்கி: தெரியும் மாஸ்டர். எனக்கும் பயந்தான்.

ராஜசேகர்: அப்புறம் ஏன்…?

சம்பங்கி: மேனேஜரா ஆவறதுக்கு முந்தி எங்க உட்காந்திருந்தேன்?

ராஜசேகர்: கல்லாவுல.

சம்பங்கி: சோத்தப் போட்டது நீங்க. கொண்டாந்து எறிஞ்சது சப்ளையரு. திட்டு வாங்குனது யாரு? போன வாரம் ஒரு பெரியம்மா, “வடை நேத்துப் போட்டதாப்பா?”ன்னு கேட்டாங்க. நம்ம பையன் என்ன சொன்னான் தெரியுமா?

ராஜசேகர்: “இஷ்டமிருந்தா தின்னு, இல்லன்னா வண்டியில ஏறு.”

சம்பங்கி: பாத்தீங்களா, கேக்காமயே தெரியுது உங்களுக்கு! அந்தம்மா காச வெச்சிட்டு என் மூஞ்சியப் பாத்துட்டுப் போனாங்க… எனக்குத் தூக்கு மாட்டிக்கலாம் போல இருந்துச்சு.

ராஜசேகர்: ரோட்டோரக் கடைம்மா. ஒருத்தன் ரெண்டாவது தடவ வரவாப் போறான்?

சம்பங்கி: அந்த நெனப்புதான் நம்ம வியாதி… மாஸ்டர், ஃபோன் அடிக்குது. எடுக்காதீங்க.

ராஜசேகர்: ஏன்?

சம்பங்கி: ஓனரு. எடுத்தா ரூமத் தொறன்னுவாரு. சாயங்காலம் நானே பேசிக்கறேன்.

ராஜசேகர்: அடிப்பாவி! அவரு கிட்டச் சொல்லவே இல்லியா?

சம்பங்கி: “ஓட்டல நல்லாப் பாத்துக்கோ”ன்னாரு. பாத்துக்கறேன்.

ராஜசேகர்: அதோ வருது… மேட்டுல. சேலம் வண்டி. இண்டிகேட்டர் போடறான்… போடறான்…

சம்பங்கி: போடல.

ராஜசேகர்: போயிட்டான். பின்னாடியே இன்னொண்ணு… அவனும் ஆரன் அடிச்சிட்டே போறான் பாரு. நக்கல்!

சம்பங்கி: அடிக்கட்டும். மாஸ்டர்… உள்ள ரெண்டு அடுப்பு எரியுதே, ஏன்?

ராஜசேகர்: எதும்மா? ஓ… அதுவா?

சம்பங்கி: ஒரே அடுப்புன்னுதான சொன்னேன்?

ராஜசேகர்: பழக்க தோஷம்மா. விடிஞ்சதும் கை தானா ரெண்டையும் பத்த வெச்சிருச்சு. ஒண்ணு டிரைவர் சாம்பாரு, சின்ன வெங்காயம் போட்டது. இன்னொண்ணு… அது வந்து… ஜனத்துக்கு.

சம்பங்கி: அதுல என்ன இருக்கு?

ராஜசேகர்: பூசணிக்கா. நேத்து மிஞ்சுனது கொஞ்சம்… தண்ணி.

சம்பங்கி: கீழ கொட்டுங்க.

ராஜசேகர்: கொட்டுனா பத்தாதும்மா! டிரைவர் சாம்பாரு ஒரு வண்டி ஆளுக்குத்தான் வரும்.

சம்பங்கி: ரெண்டு வண்டி நிக்காமப் போயிருச்சே. தாராளமாப் பத்தும்.

ராஜசேகர்: உன் வாய… ஏய், ஏய்! இண்டிகேட்டரு! திரும்பறான்ம்மா! நம்ம கரியப்பன் வண்டி!

சம்பங்கி: மொதல்ல அந்த அண்டாவக் கொட்டுங்க. என் கண்ணு முன்னாடி.

ராஜசேகர்: கொட்டிட்டேன் தாயி! போதுமா?

கரியப்பன்: யாரும்மா இங்க பெரிய ஆளு? ரூமத் தொறங்க.

சம்பங்கி: வாங்கண்ணா. ரூம் இனிமே இல்ல. இப்பிடி ஹால்ல உட்காருங்க, ஃபேனுக்கடியில.

கரியப்பன்: நான் எறங்குனாத்தான் அம்பது பேரு எறங்குவான், தெரியுமில்ல?

சம்பங்கி: தெரியும்ண்ணா. உங்கள நம்பித்தான அந்த அம்பது பேரும் எறங்குறாங்க.

கரியப்பன்: பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. சோறு?

சம்பங்கி: எல எடுத்தாந்திருக்கேன். மாஸ்டர், நீங்களே ஊத்துங்க. அப்பிடியே அந்த ஜன்னலோரம், கை நெறைய வளையலோட மாசமா இருக்கற புள்ள ஒண்ணு உட்காந்திருக்கே, அதுக்கு இன்னொரு அப்பளம் வைங்க. பசியில வந்திருக்கு, பாவம்.

ராஜசேகர்: வெச்சாச்சு. ரசமும் கேட்டுச்சு, ஊத்துனேன்.

கரியப்பன்: மாஸ்டரு… இது ரூம்ல போடற சாம்பாருதான?

ராஜசேகர்: அதேதான்.

கரியப்பன்: அங்க? ஜனத்துக்கு?

சம்பங்கி: அதேதாண்ணா. ஒரே பாத்திரம்.

கரியப்பன்: கடைசி எல வரைக்கும்?

சம்பங்கி: நம்பிக்கை இல்லன்னா எந்திரிச்சுப் போயி எந்த எலைலருந்து வேணா வழிச்சு நக்கிப் பாருங்க.

கரியப்பன்: அந்தப் பழைய வாடை அடிக்குமே… பூசணிக்கா…

ராஜசேகர்: சாக்கடையில போயிக்கிட்டிருக்கு. பின்னாடி போயிப் பாருங்க.

கரியப்பன்: ம்… சரி. இன்னுங் கொஞ்சம் சோறு போடுங்க.

சம்பங்கி: அண்ணா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. முன்னாடி போன ரெண்டு வண்டிக்காரனும் உங்களுக்கு செல்லுல சொல்லியிருப்பாங்க இல்ல?

கரியப்பன்: சொன்னானுங்க. “ரூமப் பூட்டிட்டா, ஒரே அடுப்பாம், நிறுத்தாத”ன்னு.

சம்பங்கி: தெரிஞ்சுமா வந்து ரூமத் தொறன்னீங்க?

கரியப்பன்: ஒரு சத்தம் போட்டதும் தொறந்திருந்தீங்கன்னா, எல்லாம் சும்மா நாடகம்னு ஆளுங்கள ஏத்திட்டுப் போயிருப்பேன்.

சம்பங்கி: ஓசி ஆம்லெட் இல்ல, ரூம் இல்ல… அப்ப எதுக்குண்ணா நிறுத்துனீங்க?

கரியப்பன்: இன்னொரு அப்பளம் வெச்சீங்களே, அந்த வளையல்காரப் புள்ள… என் மவதாம்மா. வளகாப்பு முடிஞ்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். சம்மந்தி வீட்டுல கட்டிக் குடுத்த புளிச்சோறு வண்டியிலேயே இருக்கு. இத்தன வருசமா என் வீட்டு ஆளுங்க யாரு வண்டியில வந்தாலும், “இங்க மட்டும் எறங்கிச் சாப்புட்றாதீங்க”ன்னு சொல்லிட்டு நான் மட்டும் உள்ள போயிடுவேன். இன்னிக்குத்தான்… “எறங்கு தாயி, பயப்படாம சாப்புடு”ன்னேன்.