மேல்வீட்டுத் தண்ணீர்

— இன்னும் ரெண்டு விரக்கடை உள்ள மடிச்சுத் தை கிரிஜா. சுப்ரஜா வளந்தா பிரிச்சு விட்டுக்கலாம்.

— வளரட்டும் பாமாக்கா. எம்பொண்ணு ரெண்டு வருஷமா ஆஸ்பத்திரிச் சட்டையிலயே கெடந்தா. ஜூன்ல இந்த யூனிபார்மோட வேன் ஏறுறத ஒருதரம் பாத்துட்டாப் போதும். முடிகூட ரெட்டைச்சடைக்கு வந்துருச்சு.

— அதான் எல்லாம் டீக் ஆயிடுத்தே, சரியாப்போச்சே. நாங்க மாடிக்குக் குடிவர்றதுக்கு முன்னாடியே படுத்துட்டாளே, ஆரம்பத்துல என்னதான் பண்ணித்து? ஜுரமா?

— காச்சலே இல்லக்கா. தண்ணி. குடங்குடமாக் குடிப்பா, ஒடனே ஒண்ணுக்கு ஓடுவா. ராவெல்லாம் பாய் நனையும். பாணேர்ப் பக்கம் கட்டடத்துல சென்ட்ரிங் பலகை தூக்கிட்டு வந்து படுத்த இவ அப்பா, கொழுப்புடின்னு திட்டுவாரு. சர்க்கரையா இருக்குமோன்னு போனோம். ரத்தப் புத்துநோயின்னாங்க.

— அரே, ரத்தத்துக்கும் தாகத்துக்கும் என்ன சம்பந்தம்?

— நானும் அதான் கேட்டேன். ஒடம்புல தண்ணியப் புடிச்சு வைக்க மூளைக்கு அடியில ஒரு சுரப்பி இருக்காம். நோய் அதையும் கெடுத்துருச்சு. நோய் புடிச்ச அணுவுல ஏழாம் நம்பர் குரோமோசோம் ஒண்ணு காணலியாம். அப்படிப்பட்ட புள்ளைங்கள்லயும் எப்பவாச்சும் ஒண்ணுக்குத்தான் இந்தத் தாகம் வருமாம். மூக்குல மருந்தடிச்சு அடிச்சு நிறுத்துனாங்க.

— இப்பவும் அடிக்கறியா?

— நோய் போனதும் தாகமும் போயிருச்சு, மருந்த நிறுத்தியாச்சு. ஆனா டாக்டரம்மா கறாராச் சொன்னாங்க: நோய் திரும்பி வந்தா தாகந்தான் மொதல்ல வரும், ரத்தத்துல தெரியறதுக்கு முன்னாலகூட வரலாம், அன்னிக்கே தூக்கிட்டு வாங்கன்னு. இவளும் என் மடியில உக்காந்து கேட்டுக்கிட்டுதான் இருந்தா.

— சோட்டி பச்சி, சின்னக் கொழந்தை. அவளுக்கு என்ன புரியும்.

— அதுலருந்து அவ சொம்பத் தொட்டாலே எத்தன மடக்குன்னு எண்ணுவேன். நல்லவேளை, காலையில ரொப்பி வைக்கிற பாட்டில் சாயங்காலம் அப்படியே இருக்கு. இந்த வெயில்லயும் தண்ணின்னு வாயத் தொறக்கல. நாளைக்குச் செக்கப்ல இதத்தான் மொதல்ல சொல்லப்போறேன்.

— கிரிஜா, அந்த ஊசியக் கீழ வை.

— ஏங்க்கா? ஏன் மொகம் இப்படிப் போவுது?

— பத்து நாளா அவ எங்க வீட்டுக்கு வர்றா. ஃபில்டர் பக்கத்துலயே உக்காந்துண்டு லோட்டா லோட்டாவாக் குடிக்கறா. வெயில்னு நெனச்சேன். கீழயே குடிக்கலாமேடின்னு கேட்டதுக்கு, "அங்க குடிச்சா அம்மா யூனிபார்ம் தைக்கிறத நிறுத்திருவாங்க பெரிம்மா"ன்னா.