பீரங்கிக் குழாய் மட்டும் பாக்கி

ரெசின் மாடல் கிட் வாங்குகிறவர்கள் முதல் வேலையாக எல்லாத் துண்டுகளையும் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட வேண்டும். அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்கு ஓர் எண்ணெய் பூசியிருப்பார்கள். அது போகாவிட்டால் பசையும் ஒட்டாது, பெயின்ட்டும் நிற்காது. நீங்கள் பிரான்சிலிருந்து அப்பாவுக்கு அனுப்பிய பொம்மை டாங்கிப் பெட்டியில் இருந்த தாளில் இது எங்கேயும் சொல்லப்படவில்லை. நான் பல் செட் செய்கிறவன், அதனால் எனக்குத் தெரிந்திருந்தது.

உட்காருங்கள், வினோதினி. நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "அப்பாவுக்குப் பல் எப்ப குடுத்தீங்க?" கடைசியாகப் போனில் பேசும்போது பல் இன்னும் வரவில்லை என்று குழறியிருக்கிறார். நீங்கள் வந்திறங்கி ஐஸ் பெட்டிக்குள் பார்த்தால், வாய் நிறையப் பல்லோடு படுத்திருக்கிறார். யாராக இருந்தாலும் கேட்கத்தான் செய்வார்கள். பதில் சொல்கிறேன். ஆனால் டாங்கியிலிருந்து தொடங்கினால்தான் அது உங்களுக்குப் புரியும்.

சொல்தா மருதையன் என்றால் பாரதியார் வீதியில் தெரியாதவர்கள் இல்லை. பிரெஞ்சு ராணுவத்தில் டாங்கி ஓட்டி ஓய்வு பெற்ற சிப்பாய், அதனால்தான் சொல்தா. சட்டையைப் பேன்ட்டுக்குள் விட்டுக்கொண்டு, அரசலாற்றங்கரையோரமாகக் கடல் வரைக்கும் சாயங்காலம் நடப்பார். எதிரே வருகிற எல்லோருக்கும் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு நான் செய்து கொடுத்தது. பொங்கல் முடிந்த பிறகு ஒருநாள் உங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

"நான் ஓட்டுன வண்டி இது, நஜ்மு. பொண்ணு அனுப்பிருக்கா. கை ஆடுது எனக்கு. ஒங்கிட்டதான் சின்னச் சின்ன அரமெல்லாம் இருக்கே, கட்டிக் குடேன்."

நல்ல கிட் என்று சொல்ல முடியாது. டாங்கியின் அடித்தட்டு அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. வெந்நீரில் முக்கி, இளகியதும் கண்ணாடிப் பலகையில் வைத்து அழுத்தி, பச்சைத் தண்ணீரில் போட்டேன். நேராகிவிட்டது. சக்கரங்களில் காற்றுக் குமிழிகள், சொத்தைப் பல் மாதிரி. பல் செட்டுக்கு வைத்திருக்கும் மாவைக் குழைத்து அடைத்தேன். ஒரு சக்கரம் பெட்டியிலேயே இல்லை. இன்னொரு சக்கரத்தை அச்செடுத்து, ஈறு செய்கிற ரோஸ் நிற அக்ரிலிக்கில் ஒன்று வார்த்தேன்.

அதைப் பார்த்துவிட்டு அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "எங்க பட்டாளத்து கொலோனெல் பாத்திருந்தா ஒன்னையத் தூக்கி உள்ள போட்டுருப்பான். டாங்கிக்கே ஈறு கட்டிட்டியே!"

ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருக்கும் ஒரு மாஸ்க் கொடுத்தேன். அவர் விஷயத்தில் நான் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

என் கடைக்கு வருகிறவர்கள் வாயைத் திறந்துகொண்டு வருவார்கள், ஆனால் பேச முடியாது. பேச முடிகிற அளவுக்கு நான் செய்து கொடுத்ததும் போய்விடுவார்கள். மகன் ஷார்ஜாவில். பேரனைப் பார்த்துக்கொள்ளப் போன என் மனைவி அஜீசுன்னிசா வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த நேரமாகப் பார்த்துப் போன் செய்வாள். "அடுத்த மாசம் வந்துருவேங்க" என்பாள். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. அங்கே அவளுக்கு வேலை இருக்கிறது.

உங்கள் அப்பா மட்டும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தால் டீக்கடை இரண்டாவது தடவை டீ போடும்வரை இருப்பார். ஓட்டுகிறவன் முன்னால் இடதுபக்கம் உட்காருவான், மூடியைத் திறந்து தலையை நீட்டினால் தூசியெல்லாம் வாயில்தான் என்று சொல்லிக்கொண்டிருப்பார். நான் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

கடைசியாக இருந்தது பீரங்கிக் குழாய். முருங்கைக்காய் மாதிரி வந்திருந்தது. அதையும் வெந்நீரில் நேராக்கி வைத்த அன்றைக்கு அப்பா சொன்னார்.

"முடிஞ்சதுன்னா சொல்லு. பொண்ணுகிட்டப் போயிரலாம்னு இருக்கேன். பேத்திக்கிட்டக் காட்டணும், தாத்தா இதுக்குள்ளதான் குந்திருந்தேன்னு. அப்பறம் அங்கயேதான்."

நல்லதுங்க ஐயா என்றேன்.

வெந்நீரில் நேராகிற சாமான் வெந்நீரிலேயே வளையும். மறுநாள் அவர் வந்தபோது குழாய் பழையபடி தொங்கிக்கொண்டிருந்தது. நம்ம ஊர் உப்புக்காற்று, இந்த வெயில், என்ன செய்வது என்றேன். பிறகு நேராக்கினேன். பிறகு வளைத்தேன். பெயின்ட் அடித்துவிட்டு, ஈரக்காற்றில் வெள்ளை பூத்துப்போச்சு என்று சுரண்டினேன். எந்தச் சிக்கலையும் என்னால் தீர்க்க முடிந்தது. அதுதான் சிக்கலாக இருந்தது.

அவர் பொறுமைசாலி. ஆனாலும் ஒருநாள், "இந்தக் குழா என்னைய மாரிதான், கெழடாயிருச்சு. வளஞ்சா வளஞ்சிட்டுப் போவுது, அப்படியே குடுத்துரு. டிக்கெட்டு போடச் சொல்லிட்டேன்" என்றார்.

எழுந்திருக்கும்போது கீழ்ப்பல் ஓரத்தில் லேசாக உரசுகிறது என்று தாடையைத் தடவினார். "குடுங்கய்யா, அரத்தால ஒரு இழுப்பு இழுத்துத் தர்றேன். கடி சரியா வரணும், மேல்செட்டையும் குடுங்க" என்றேன்.

அவர் துண்டால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அப்பாவைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பல் இல்லாமல் அவரை உங்கள் அம்மாகூடப் பார்த்ததில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆற்றங்கரை நடை அன்றோடு நின்றது. உங்களோடு வீடியோவில் பேசுவதும் நின்றது. ஜூலை பதினாலு பிரெஞ்சு தேசிய விழாவுக்கு மெடல்களைத் துடைத்துச் சட்டையில் குத்திக்கொண்டவர், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டார். வேறு டாக்டரிடம் போகலாமே என்று பக்கத்து வீட்டு அல்லி சொன்னதற்கு, புது ஆள் முன்னால் வாயைத் திறக்க மாட்டேன் என்றாராம். டிக்கெட்டை நீங்கள் மாற்றினீர்கள், பிறகு ரத்து செய்தீர்கள். பல்லைச் சாக்குச் சொல்கிறார், அவருக்கு வர மனமில்லை என்று நீங்கள் கோபித்துக்கொண்டது எனக்குத் தெரியும்.

"அவ பேச மாட்டேங்குறா, நஜ்மு" என்று என்னிடம்தான் சொன்னார். கோபம் ஆறிவிடும் என்று நான்தான் தேற்றினேன்.

தினமும் மத்தியானம் டாங்கியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். குழைய வடித்த சோற்றில் ரசம் ஊற்றிக் கொடுத்தேன். என் முன்னால் மட்டும் துண்டை எடுத்துவிடுவார். "இந்த டாங்கிய விட ஒன் வேலதான் பெரிய ரிப்பேரு. எங்கடா என் பல்லு?" என்று பொக்கை வாயால் திட்டுவார். நாளைக்கு என்பேன், இரண்டு பேரும் சிரிப்போம். அந்த மாதங்களில் அவர் வேறு யாரையும் பார்க்கவில்லை. நானும்தான்.

இனி அல்லி வந்ததைச் சொல்ல வேண்டும். அவர் உங்களிடம் ஏதாவது சொல்லியிருக்கலாம், ஆனால் நானே சொல்வதுதான் முறை.

மத்தியானத் தொழுகைக்குக் கடையைச் சாத்தப் போகிற நேரம். வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"பாய், சொல்தாவுக்கு நெஞ்ச அடைக்குதுன்னு வேர்த்துக் கொட்டுது. ஆசுபத்திரிக்கு வாங்கன்னா, பொக்க வாயோட வர மாட்டேங்குறாரு. அந்தப் பல்லக் குடுங்க, மாட்டித் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிர்றேன்."

"இன்னும் காயலம்மா. நாளைக்குத் தர்றேன்."

"நாளைக்கா? பல்லு என்ன வடாமா காய வக்கிறதுக்கு? மனுசன் அங்க இழுத்துக்கிட்டுக் கெடக்குறாரு!"

"பதட்டப்படாதீங்க. வாயுவாத்தான் இருக்கும். சுடுதண்ணி குடுங்க, நான் வந்து பாக்குறேன்."

அக்ரிலிக் பல் காய வேண்டியதே இல்லை. காயாமல் தண்ணீரில்தான் வைத்திருக்க வேண்டும். அல்லிக்கு முன்னால் இருந்த மேசையின் இழுப்பறையில், கிண்ணத்துத் தண்ணீரில் அது இருந்தது. அப்பா கழற்றிக் கொடுத்த அன்றைக்கே, அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் உரசலைத் தேய்த்து முடித்துவிட்டேன். அதற்குப் பிறகு தினமும் தண்ணீர் மாற்றினேன். ஒருநாளும் தவறவிட்டதில்லை.

நெஞ்சடைப்பு என்றால் என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. என் வாப்பா அப்படித்தான் போனார். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் உங்களுக்குத் தகவல் வரும். நீங்கள் விமானம் பிடித்து வருவீர்கள். குணமானதும் கையோடு கூட்டிக்கொண்டு போவீர்கள். இவ்வளவையும் நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் நாளைக்கு என்று சொன்னேன். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

அல்லி பல் இல்லாமலே ஆட்டோவில் திரும்பினார். நான் தொழுதுவிட்டு, வழக்கம்போல டாங்கியை எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். வாயில் துண்டு இருந்தது. அல்லி சுடுதண்ணீரோடு அடுப்படியில் இருந்தார். அதைத் தம்ளரில் ஆற்றிக் கொண்டுவந்தபோது குடிக்க அவர் இல்லை.

அல்லி தெருவுக்கு ஓடி ஆட்களைக் கூப்பிட்டார். அந்த நேரத்தில் துண்டை எடுத்துவிட்டுப் பல்லைப் பொருத்தினேன். அன்றைக்கு மட்டும் சட்டைப் பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். மேல்செட், பிறகு கீழ்செட். சரியாக உட்கார்ந்தது. இம்மிகூடத் தேய்க்க வேண்டியிருக்கவில்லை. ஊர் பார்த்தபோது சொல்தா மருதையன் பழைய சொல்தாவாகவே இருந்தார். அந்த மரியாதையை அவருக்குச் செய்தவன் நான்தான்.

எப்போது கொடுத்தேன் என்றால், அப்போதுதான்.

போலீசுக்குப் போவதென்றால் போங்கள். இதையே அங்கேயும் சொல்கிறேன். நான் அவரைத் தொட்டு ஒன்றும் செய்யவில்லை, ஒரு வேலையைத் தள்ளிப் போட்டேன், அவ்வளவுதான்.

டாங்கி உங்களுடையது. உங்கள் மகளிடம் காட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ரோஸ் சக்கரத்துக்குப் பச்சை அடித்துவிட்டேன், எது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பீரங்கிக் குழாய் மட்டும் கொஞ்சம் வளைந்திருக்கிறது. இப்படியே எடுத்துக்கொண்டு போனால் நன்றாக இருக்காது. டீ சொல்லியிருக்கிறேன், குடித்துவிட்டுப் போங்கள். நாளைக்கு வாருங்கள், தருகிறேன்.