முப்பத்தொரு கார் பார்த்து ஒன்றும் வாங்காதது குறித்து

முதல் தாளில் எழுதியிருக்கும் பெயரும் விலாசமும் என்னுடையவைதான். வயது அறுபத்தொன்று. படிப்பு எட்டாம் வகுப்பு. ஒன்பதாம் வகுப்பில் மூன்று மாதம் உட்கார்ந்திருந்தேன், அதைப் படிப்பில் சேர்க்க வேண்டாம். தொழில் பூட்டுக்குச் சாவி செய்வது. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஆறடிக்கு நாலடி கடை. சாவிக்காரர் என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். மனைவி இறந்து மூன்று வருடம் ஆகிறது. ஒரே மகன், வெளிநாட்டில் கார் பட்டறையில் மெக்கானிக். வீட்டில் நான் மட்டும். இதற்கு முன் என் மேல் எந்த வழக்கும் இல்லை. வழக்குப் போடுமளவுக்கு நான் எதையும் முழுசாகச் செய்ததில்லை என்று என் மனைவி சொல்வதுண்டு.

மனைவி இருந்தவரை மகன் ஞாயிறுதோறும் அவளிடம்தான் பேசுவான். கடைசியில் "இந்தாங்க, நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று போனை என்னிடம் தருவாள். நான் ரெண்டு வார்த்தை பேசித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அவள் போன பிறகு போனைத் திருப்பிக் கொடுக்க ஆளில்லை. "சாப்டீங்களாப்பா", "சாப்டேன்", "உடம்பு?", "இருக்கு", "சரிப்பா, வெச்சிடறேன்". இவ்வளவுதான். மூன்று நிமிடத்தைத் தாண்டாது.

ஏழு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு, என் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டவன், "இந்தக் காலை வெச்சுக்கிட்டு பஸ்ல ஏன்பா தொங்கறீங்க? ஒரு பழைய காரா பாருங்க. பாக்க வேண்டியதை எல்லாம் நான் சொல்றேன்" என்றான். அவன் சொல்லச் சொல்ல நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதிக்கொண்டேன். அந்த நோட்டுதான் இப்போது காவல் நிலையத்தில் இருப்பது.

முதலில் பானெட்டில் கை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் நாம் வருமுன்பே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள், குளிர்ந்த இஞ்சினின் கோளாறை மறைக்கிறார்கள் என்று அர்த்தம். ஆயில் மூடியைத் திறந்தால் பால் விட்ட காப்பி மாதிரி நுரை இருக்கக் கூடாது, இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவெல்லாம் வைக்க வேண்டும். ஒட்டாத இடத்தில் அடிபட்டுப் பட்டி பூசியிருக்கிறார்கள். ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் துருவும் மண்ணும் பார்க்க வேண்டும், வெள்ளத்தில் நின்ற வண்டி அங்கேதான் மாட்டும். மீட்டர் பொய் சொல்லும், பெடல் ரப்பர் பொய் சொல்லாது. கடைசியாக இஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்க்க வேண்டும்.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் மதியம் கடையைச் சாத்திவிட்டு, விளம்பரத்தைப் பார்த்து ஒரு வண்டி பார்த்து வருவேன். ஓட்டிப் பார்க்கச் சொன்னால், "நீங்களே ஓட்டுங்க, நான் சத்தத்தைக் கேக்கறேன்" என்று பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொள்வேன். வண்டியை விற்கிறவர்கள் நிறையப் பேசுவார்கள். ஞாயிறு மகனிடம் ஒப்பிப்பேன். "புகை என்ன கலர்பா? நீலமா, கருப்பா?" என்று அவன் கேட்பான். முதல் வண்டியைப் பற்றியே நாற்பது நிமிடம் பேசினோம். போனை வைத்தபோது காது சுட்டது.

முதல் நான்கு வண்டிகளும் உண்மையிலேயே ஓட்டை. ஐந்தாவது நல்ல வண்டி. அதைச் சொன்னதும் மகன், "அப்பாடா, இதை முடிச்சிடுங்கப்பா. இனிமே உங்களுக்கும் அலைச்சல் இல்ல" என்றான். நான் யோசிக்கவில்லை. "ஆனா ரேடியேட்டர் ஒழுகுதுடா" என்று வாய் சொல்லிவிட்டது. ரேடியேட்டர் ஒழுகவில்லை. "அப்ப வேணாம்பா" என்றான். பிறகு ரேடியேட்டர் பற்றி அரைமணி நேரம் விளக்கினான். அதற்குப் பின் நான் பார்த்த எந்த வண்டியும் தேறவில்லை. கோளாறு ஏதும் கிடைக்காதபோது நோட்டைப் புரட்டி, அதுவரை சொல்லாத ஒன்றை எடுத்துச் சொல்வேன். ஒன்பதாவது ஒரு டீசல் கார். அதற்கு ஸ்பார்க் பிளக் எல்லாம் கரி பிடித்திருப்பதாகச் சொன்னேன்.

சென்ற சனிக்கிழமை பார்த்தது முப்பத்தொன்றாவது. புகார் கொடுத்திருக்கும், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸம்மாவின் கருநீல டீசல் கார். பதினாலு வருட வண்டி. ஒரு குறையும் இல்லை. கண் மங்குவதால் விற்பதாகச் சொன்னார். ஆனாலும் அவரே ஓட்டினார். "எதிர்ல யாராவது வந்தா மட்டும் சொல்லுங்க தம்பி. நாப்பது வருஷம் ஊசி போட்டவ, யாரையும் தப்பா குத்தினதில்ல" என்றார். சைக்கிளில் போனவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். திரும்பி வந்து டீ கொடுத்தார். இரண்டாவது டம்ளரும் கொடுத்தார்.

கிளம்பும்போது கார் கதவைப் பூட்ட அவர் சாவியை மூன்று தடவை திருப்புவதைப் பார்த்தேன். வாங்கிப் பார்த்ததில் இரண்டாவது பல் தேய்ந்திருந்தது. "கடைக்கு வாங்கம்மா, புதுசா ஒண்ணு வெட்டித் தரேன்" என்றேன். தேய்ந்த சாவியைக் கண்டால் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும். நுணலும் தன் வாயால் கெடும் என்பதற்கு இனிமேல் தவளையைத் தேட வேண்டாம். அதன் பிறகு, மகனிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறினேன். "நீங்க சொல்றவரைக்கும் வேற யாருக்கும் தர மாட்டேன் தம்பி" என்று வழியனுப்பினார். மறுநாள் ஞாயிறு மகனுக்கு வேலை இருந்ததால் இரண்டு நிமிடத்தில் வைத்துவிட்டான். இந்த வண்டியைப் பற்றி அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

புதன்கிழமை நர்ஸம்மா இரண்டு முறை போன் செய்தார். நான் எடுக்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வியாழக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் வீட்டு வாசலில் நின்ற அவருடைய வண்டி காணாமல் போயிருக்கிறது. அந்த நேரத்தில் நான் கடையில் பெண்கள் விடுதி வார்டன் கொண்டுவந்த பதினான்கு அலமாரிப் பூட்டுகளுக்குச் சாவி வெட்டிக்கொண்டிருந்தேன். வார்டன் என் பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்து, சீக்கிரம் சீக்கிரம் என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். இதை நேற்று அவரும் வந்து சொல்லிவிட்டார்.

நேற்று, வெள்ளிக்கிழமை காலை என்னை நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். என் பையில் துணி சுற்றிய காந்தம், டார்ச், ஆயிலைத் தொட்டு நிறம் பார்க்க வெள்ளைத்தாள், முப்பத்தொரு வண்டிகளின் எண்கள் எழுதிய நோட்டு ஆகியவை இருந்தன. தொழிலோ சாவி. அந்தப் பையை மேசைமேல் கொட்டியபோது எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது. ஏட்டையா நோட்டைப் புரட்டி, "முப்பத்தொண்ணு பாத்திருக்கீரு, ஒண்ணுகூட வாங்கல. என்னய்யா பொழப்பு இது?" என்று கேட்டார்.

நர்ஸம்மாவும் அங்கே இருந்தார். என்னைத் திட்டவில்லை. "புதன்கிழமை ஒருத்தர் வந்து கையோட எடுத்துக்கறேன்னார். உங்ககிட்ட வார்த்தை சொல்லிருக்கேனேன்னு அனுப்பிட்டேன் தம்பி" என்றார். திருட்டில் எனக்குப் பங்கு இல்லை. ஆனால் அவர் போன் செய்தபோது நான் எடுத்திருந்தால் வியாழக்கிழமை அந்த வண்டி அந்த வாசலில் நின்றிருக்காது. என் குற்றம் என்று எழுத வேண்டுமானால் இதை எழுதிக்கொள்ளவும்.

அதன் பிறகு இன்று காலை இன்ஸ்பெக்டர் ஐயா என்னைப் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டு, என் மகனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவன் முதலில் கேட்டது, "அப்பா நல்லா இருக்காரா சார்?" என்பது. நன்றாக இருக்கிறார், ஒரு காரைப் பற்றிச் சின்ன விசாரணை என்றார். பிறகு, இத்தனை வண்டி பார்த்தவர் ஏன் ஒன்றும் வாங்கவில்லை என்று கேட்டார். மகன் சொன்னான்:

"அவர் வாங்க மாட்டார் சார். ஒன்பதாவது வண்டி டீசல் கார். ஸ்பார்க் பிளக் கரி பிடிச்சிருக்குன்னார். டீசல் வண்டியில ஸ்பார்க் பிளக்கே கிடையாது சார். அன்னிக்கே புரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டுட்டா அப்புறம் ஞாயித்துக்கிழமை நாங்க என்னத்தைப் பேசறது சார்?"

மகன், "இதை அவர்கிட்ட சொல்லிடாதீங்க சார். நாளைக்கு எப்பவும் போல கூப்பிடறேன்" என்று சொல்லி வைத்தான். ஏட்டையா எனக்குத் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். நான் கேட்டுக்கொண்டிருந்தது என் மகனுக்குத் தெரியாது. அவனுக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நர்ஸம்மாவின் பதிவுப் புத்தகம் வண்டியோடு போய்விட்டது. இஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டும் என் நோட்டில் கடைசியாக எழுதிய பக்கத்தில் பிழையில்லாமல் இருக்கின்றன. எண் பலகையை மாற்றியிருந்தாலும், ஸ்டெப்னிக்கு அடியில் தீப்பெட்டி அளவு பழைய பற்றவைப்பு இருக்கிறது, கிளட்ச் பெடல் ரப்பரில் இடது மூலை மட்டும் தேய்ந்திருக்கிறது. வண்டி கிடைத்தால் நானே அதை வாங்கிக்கொள்வதாக நர்ஸம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் போன் செய்தால் எடுப்பேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.

நாளை ஞாயிறு. முப்பத்தொன்றாவது வண்டி எப்படி என்று மகன் கேட்பான். வாங்கலாம், டீசல் வண்டி, ஸ்பார்க் பிளக் நாலும் சுத்தமாக இருக்கிறது என்று சொல்வேன்.

ஏட்டையா இதை எனக்கு ஒருமுறை படித்துக் காட்டினார். நான் சொன்னதுதான் இருக்கிறது, சொல்லாதது எதுவும் இல்லை. மகனிடம் சொன்ன பொய்களைத் தவிர இதில் பொய் கிடையாது, அவற்றையும் பொய் என்றே சொல்லியிருக்கிறேன். யாரும் மிரட்டி வாங்கியது அல்ல. சனிக்கிழமை, பகல் பன்னிரண்டரை மணி.

(ஒப்பம்)
சாவிக்காரர்