பூவிழி உட்கார வேண்டிய நாற்காலி

மேடை ஏறுகிற பெண்ணுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்பதைத்தான். முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தால் எவ்வளவு நல்ல பேச்சும் எடுபடாது. அடுத்தது பார்வை. எதிரே இருப்பவர்களைப் பார்த்துப் பேச வேண்டும். பின்னால் என்ன சத்தம் கேட்டாலும் திரும்பக் கூடாது. பழவேற்காட்டுக் குப்பங்களில் உள்ளாட்சித் தேர்தலுக்கு நிற்க ஆசைப்படும் பெண்களுக்கு நான் இதைத்தான் சொல்லித்தருகிறேன். பிலோமினா டீச்சர் என்றால் யாரும் வீட்டைக் காட்டுவார்கள். இன்ஸ்பெக்டர் மேடம், உண்மையில் நான் டீச்சர் இல்லை. அப்படிக் கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள், நானும் திருத்தவில்லை.

ருக்குவை ஜெயிக்க வைத்தேன். செவ்வந்தியை ஜெயிக்க வைத்தேன். இரண்டு பேருக்காகவும் வீடு வீடாக நடந்து செருப்பு தேய்ந்தது. ருக்குவைப் பார்க்கப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனால், தலைவர் நாற்காலியில் அவள் புருஷன் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறான். ருக்கு வாசலோரம் ஸ்டூலில். "வாங்க டீச்சர், தலைவர் உள்ளதான் கீறாரு" என்று அவளே என்னை வரவேற்றாள். செவ்வந்தி ஆபீசுக்கே வருவதில்லை. காகிதங்கள் அவள் அடுப்படிக்குப் போய்க் கையெழுத்தாகித் திரும்பும். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

பூவிழி வேறு மாதிரி. லைட்ஹவுஸ் குப்பத்தில் மீன் ஏலம் விடுகிறவள். அவள் குரலுக்கு வெளியூர் வியாபாரிகளே அடங்குவார்கள். "ஐஸ் வைக்க ஒரு கொட்டாய் கேட்டு எத்தினி பேர் கால்ல வுழறதுக்கா? அந்த எடத்துல நானே குந்திக்கிறேன்" என்று அவளாகவே என்னிடம் வந்தாள். அப்படி ஒருத்திக்காகத்தான் இத்தனை வருஷமாகக் காத்திருந்தேன்.

அவள் புருஷன் துளசிங்கம் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். அவள் தேர்தலில் நிற்பதில் அவனுக்குத்தான் அவளைவிடச் சந்தோஷம். அதுதான் தொல்லை. போஸ்டரில் அவள் படத்தைவிட அவன் படம் பெரிதாக இருந்தது. தனியாகக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தேன்.

"நீங்க இன்னாத்துக்கு டீச்சர் கவலப்படறீங்க? அவ கையெழுத்து போட்டாப் போதும். மத்தத நான் பாத்துக்கிறேன்" என்று சிரித்தான்.

அன்பாகத்தான் சொன்னான். சண்டைக்கு வருகிறவனிடமிருந்து நாற்காலியைப் பிடுங்கலாம். அன்பாக உட்கார்ந்துவிட்டவனை எழுப்ப முடியாது. நிதானமாக யோசித்துத்தான் முடிவெடுத்தேன்.

ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல் அடிக்கடி மேடு கட்டும். எந்தப் பக்கம் ஆழம் என்று காட்ட, ஒரு சவுக்குக் கம்பில் சிவப்புத் துணி கட்டி நட்டிருப்பார்கள். மணல் நகர நகரக் கம்பையும் நகர்த்துவார்கள். யார் நகர்த்தியது என்று எவரும் கேட்பதில்லை. கம்பு நிற்கிற இடத்தை நம்பிப் படகை முழு வேகத்தில் விடுவார்கள்.

தேர்தலுக்கு முன் ஒருநாள் காற்று கிளம்பிவிட்டது. மற்ற படகுகள் எல்லாம் மதியத்துக்குள் திரும்பிவிட்டன. துளசிங்கம் எப்போதும் கடைசியில் வருகிறவன். மற்றவர்கள் கரையேறும்வரை காத்திருந்தேன். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது அல்லவா? பிறகு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கம்பைப் பிடுங்கி மணல்மேட்டுப் பக்கம் நட்டேன். துளசிங்கத்தோடு அன்று பக்கத்து வீட்டுத் தாமோதரனும் வலை இழுக்கப் போயிருந்தது எனக்குத் தெரியாது.

ஈரப் புடவையை மாற்றிக்கொண்டு பூவிழியைக் கரைக்குக் கூட்டி வந்தேன். அந்த நேரத்தில் அவள் வீட்டில் தனியாக இருக்க வேண்டாம் என்று பட்டது. அலைச் சத்தத்தில் பேசிப் பழகினால் மைக் இல்லாமலும் சமாளிக்கலாம் என்றேன். அவள் கடலுக்கு முதுகு காட்டி நின்றாள். நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"தாய்மார்களே" என்று ஆரம்பித்தபோது அவள் தோளுக்கு மேலே படகு தெரிந்தது. எஞ்சின் சத்தம் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. "அவரு வந்துட்டாரு போலக்கா."

"திரும்பாத. கூட்டத்தப் பாத்துப் பேசு" என்றேன்.

ஐஸ் கொட்டாயைப் பற்றிச் சொன்னாள். படகு கம்பை நோக்கித் திரும்பியது. கருவாடு காயவைக்க மேடை வேண்டும் என்றாள். படகின் மூக்கு மணலில் தட்டியது. பின்னால் வந்த அலை அதைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்தது. எஞ்சின் நின்றுபோனது.

"இன்னும் சத்தமா" என்றேன்.

அவள் சத்தமாகப் பேசினாள். கைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவ்வளவு நன்றாக அவள் அதற்கு முன் பேசியதே இல்லை. அவள் பேசி முடித்துத் திரும்பிப் பார்த்து அலறி, ஆட்கள் ஓடி வருவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. இருவருமே நன்றாக நீந்துவார்கள். வலையில் சிக்கிக்கொண்டார்கள். கவிழ்ந்த படகு இடித்துக் கம்பும் போய்விட்டது. அதை முன்பே அலை இழுத்துப் போயிருக்கும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். தாமோதரனுக்கும் சேர்த்துத்தான் மாதா கோவிலில் மெழுகுவத்தி ஏற்றிவருகிறேன்.

பூவிழி நிற்க மாட்டேன் என்றாள். அவன் ஆசைப்பட்டதாயிற்றே என்று தேற்றினேன். நின்றாள், ஜெயித்தாள். தலைவர் நாற்காலியில் அவளே உட்கார்ந்ததைப் பார்த்து அழுதுவிட்டேன். பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டேன். துக்கத்தில் இருக்கிறவளைக் காகிதங்களோடு மல்லுக்கட்ட விடலாமா? மனு கொடுக்க வருகிறவர்களிடம் நானே பேசினேன். ஒருநாள் ஐஸ் கொட்டாய் என்று ஆரம்பித்தாள். அதை அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

"நீ கையெழுத்து போட்டாப் போதும்டி. மத்தத நான் பாத்துக்கிறேன்."

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, அன்னிக்கு ஏன் என்னத் திரும்ப வுடல?"

சொன்னேன். மறைக்க என்ன இருக்கிறது, அவளுக்காகச் செய்ததுதானே? அவள் எழுந்து போய் பஸ் ஏறி, பொன்னேரிக்கு உங்களிடம் வந்திருக்கிறாள். தனியாக.

துளசிங்கத்தையும் தாமோதரனையும் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவள் கொடுத்த புகாரை மட்டும் ஒருமுறை என்னிடம் காட்டுங்கள், மேடம். யாரையும் கேட்காமல் எழுதியிருக்கிறாள், எதையாவது விட்டிருப்பாள். நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன். அவள் கையெழுத்துப் போட்டால் போதும்.