இரண்டாம் தொட்டியின் வால்வு

காலையில் சைக்கிள் மிதிப்பது உடம்புக்கு நல்லது. நாலு மாதமாகத் தினமும் காட்டூரிலிருந்து பொன்மலை வரை போய் வந்தேன். தொப்பை இருந்த இடம் தெரியவில்லை. நீங்கள் கேட்டது வேறு என்று தெரியும், ஐயா. அதற்குத்தான் வருகிறேன்.

காட்டூர்ப் பக்கம் ஒரு புதுக் குடியிருப்பின் கழிவுநீர் நிலையத்தில் நான் கெமிஸ்ட். பெயர் பிலோமின்ராஜ். குவார்ட்டர்ஸும் நிலையத்துக்குள்ளேயே. நான் பஸ் ஏறினால் பக்கத்து சீட் தானாகக் காலியாகும். அதிலும் ஒரு வசதி. எவ்வளவு கூட்டத்திலும் எனக்கு ஜன்னலோரம் கிடைத்துவிடும்.

எங்களிடம் இரண்டு தொட்டிகள். முதல் தொட்டியில் காற்றை ஊதுவோம். அங்குள்ள கிருமிகள் மூத்திரத்தின் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். இரண்டாம் தொட்டியில் காற்றே கிடையாது. மூச்சுக்குத் தவிக்கும் கிருமிகள் நைட்ரேட்டை உடைத்து, அதிலுள்ள பிராணவாயுவை எடுத்துக்கொண்டு, மிச்சமுள்ள நைட்ரஜனைக் குமிழ்குமிழாக வானத்துக்கு அனுப்பிவிடும். பார்க்க அவ்வளவு ஆனந்தமாக இருக்கும். ஒரே குறை, அந்தக் கிருமிகளுக்குத் தீனி வேண்டும். தீனி என்றால் பச்சைச் சாக்கடை. அதன் நாற்றம் நேராக என் வீட்டு அடுப்படிக்கு வரும்.

வளைகாப்புக்கு வந்த மாமியார் அற்புதம்மாள் முந்தானையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. சாப்பிடும்போது மட்டும் இடக்கைக்கு மாற்றிக்கொண்டார். கிளம்பும்போது சொன்னார்:

"கோவிச்சுக்காதீங்க மாப்ளே. இந்த நாத்தம் போற வரைக்கும் என் பொண்ணும் பேரப்புள்ளையும் எங்க வீட்லயே இருக்கட்டும்."

லூர்துராணி போய்விட்டாள். பெண் குழந்தை பிறந்தது. இங்கே எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஒரு திங்கட்கிழமை இரண்டாம் தொட்டிக்குப் போகும் வால்வைத் திருப்பி மூடினேன். நாலே சுற்று. முதல் தொட்டித் தண்ணீர் இரண்டாவதைத் தொடாமல் நேராகப் பின்பக்கக் குட்டைக்குப் போயிற்று. இரண்டாம் தொட்டியைக் காலி செய்து சுண்ணாம்பு அடித்தேன். நாற்றம் போன இடம் தெரியவில்லை. சோதனைக்கு வந்த அதிகாரி வழக்கம்போலப் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தார், "ஃபர்ஸ்ட் கிளாஸுங்க" என்று கையெழுத்துப் போட்டார். நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

லூர்துராணி குழந்தையோடு வந்து சேர்ந்தாள். ஞானஸ்நான விருந்தில் மாமியார் இரண்டாம் தடவை பிரியாணி கேட்டு வாங்கினார். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை உங்களுக்கு எழுதிக் காட்ட முடியாது.

குட்டையை ஒட்டி ஒரு சந்து. பதினோரு வீடு, ஒரே கிணறு. எங்கள் வீட்டுக் குழாய்க்கும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். லேப் உதவியாளர் ஹனீஃபா அந்தச் சந்துக்காரர். டிசம்பரில் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துவிட்டுக் கண்ணாடிக் குழாயோடு வந்து நின்றார்.

"சார், மருந்து விட்டதும் எவ்ளோ மஞ்சளா வருது பாருங்க. ஏகப்பட்ட நைட்ரேட். வால்வைத் திறந்துடலாங்களா?"

"மாமியார் வந்திருக்காங்க ஹனீஃபா. கிறிஸ்மஸ் முடியட்டும்."

பெரியவர்களை அது ஒன்றும் செய்யாது. கைக்குழந்தைகளுக்குத்தான் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்காமல் போய்விடும். ஹனீஃபா அதைக் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை.

மறுவாரம் அதே சந்திலிருந்து சுராயா இரண்டு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கணவர் துபாயிலிருந்து அனுப்பும் பால்பவுடரைத்தான் கரைத்துக் கொடுத்துவந்தாள். குழந்தையின் உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது.

"புள்ளைக்கு நீலம் பாரிச்சுக்கிட்டே வருது சார். நீங்க தண்ணி டெஸ்ட் பண்றவங்க. கிணத்துல ஏதும் கோளாறுங்களா?"

"ஒண்ணுமில்லம்மா. நல்லாக் கொதிக்க வெச்சு, பாதியா சுண்டவிட்டுக் கரைச்சுக் குடுங்க."

யாராக இருந்தாலும் கொதிக்க வைக்கத்தான் சொல்வார்கள். சுண்டச் சுண்டத் தண்ணீர்தான் குறையும், நைட்ரேட் அப்படியே நிற்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கொதிக்க வைக்காதே என்றால், ஏன் என்று கேட்பாள் அல்லவா? சுராயா சொன்னபடி செய்தாள். வெள்ளிக்கிழமை அடக்கம். போய் நின்றுவிட்டு வந்தேன். பொங்கலுக்கு முன் அடுத்த வீட்டுக் குழந்தை. அதற்கும் போனேன்.

அதன் பிறகு ஹனீஃபா என்னைக் கேட்காமலே வால்வைத் திறந்துவிட்டு, நேராக ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்திருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. வால்வைத் திருப்பியது நான்தான், திறக்காமல் விட்டதும் நான்தான்.

ஆனால் தெரிந்தே செய்தாயா என்று கேட்கிறீர்களே, அதுதான் வருத்தமாக இருக்கிறது. எனக்கும் கைக்குழந்தை உண்டு, ஐயா. லூர்துராணிக்குத் தாய்ப்பால் போதாது. எங்கள் வீட்டிலும் பவுடர்தான். அவர்கள் வந்த மறுநாளிலிருந்து, அந்தப் பாலைக் கரைக்க மட்டும் பொன்மலைக்குப் போய் ஒரு கேன் குழாய்த் தண்ணீர் பிடித்துவந்தேன். சைக்கிள் மிதிக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.