சூரியனின் முதுகில் ஒரு வாவி

சந்திரிகா: கேர்ட்டன ஏன் மூடினீங்க அஸ்ஃபர்? பேராதனையில இன்னைக்குத்தான் வெயிலே வந்திருக்கு.

அஸ்ஃபர்: கண் கூசுது. நீங்க ஸ்க்ரீனப் பாருங்க... காலையில வந்த சூரியப் படம்.

சந்திரிகா: பாத்துட்டேன்.

அஸ்ஃபர்: நம்மட கம்ப்யூட்டர் மொடல் ரெண்டு கெழமைக்கு முந்திச் சென்ன அதே காந்தப் புள்ளி. புற ஊதாக் கதிர் ஏறின கணக்கும் அச்சொட்டா சரி. மூணு தரம் நம்மட கணிப்பு பிழைச்சு, இந்தத் தரமும் பிழைச்சா நம்மட வேலைய மூடுறதா ஈந்தாங்க. இப்ப ப்ரொபசர் கீழ கேக்கோட நிக்கிறார்... ஓங்கட மொகத்தில சிரிப்பக் காணல்லயே?

சந்திரிகா: அந்தப் புள்ளி என்ன மாதிரி இருக்கு?

அஸ்ஃபர்: ம்... கண்டி வாவி மாதிரி. நடுவுல தீவும் ஈக்கி.

சந்திரிகா: ஒண்ணு சொல்றேன். சத்தம் போடாதீங்க.

அஸ்ஃபர்: செல்லுங்க.

சந்திரிகா: சூரியனோட பின்பக்கம் நமக்குத் தெரியாதுல்ல... மொடல் ஊகிச்சுத்தானே நிரப்புது. மொடல்ல அங்க ஒண்ணுமே இல்ல. கதிர்க் கணக்கு நிசத்துக்குக் கீழ இறங்கிக்கிட்டே போச்சு. பயத்துல நானே மவுஸால ஒரு புள்ளிய வரைஞ்சு வச்சேன்.

அஸ்ஃபர்: மெல்லமாக் கதைங்க, ப்ரொபசர் கீழதான் ஈக்கிறார்.

சந்திரிகா: முழுப் பொய் அஸ்ஃபர். தெனம் ஹேவாஹெட்ட பஸ்ஸுல வாவியப் பாத்துக்கிட்டு வர்றேனா, கை அதையே வரைஞ்சிருச்சு. வெளயாட்டா தீவையும் வச்சேன். இப்ப அது நிசமாவே அங்க இருக்கு... தீவோட.

அஸ்ஃபர்: தெரியும்.

சந்திரிகா: என்ன தெரியும்?

அஸ்ஃபர்: நீங்க வரைஞ்சது. அண்டைக்கே கண்டன்.

சந்திரிகா: கண்டுட்டு வாயத் தொறக்கலையா?

அஸ்ஃபர்: எப்படிச் செல்ற... ஓங்கடதப் போட்டும் கணக்கு போதாம ஈந்திச்சி. நானும் ஒண்டு வெச்சன்.

சந்திரிகா: எங்க?

அஸ்ஃபர்: ஓங்கடதுக்குப் பின்னால. நாலு நாள் தள்ளித்தான் இந்தப் பக்கம் திரும்பும்.

சந்திரிகா: என்னோடது ஓரத்துல தெரிஞ்சு இன்னைக்கு மூணு நாள்... அப்ப நாளைக்கா?

அஸ்ஃபர்: நாளைக்குக் காலம்பற.

சந்திரிகா: அதான் கேர்ட்டன மூடினீங்களா? சொல்லுங்க அஸ்ஃபர்... எவ்வளவு பெருசு?

அஸ்ஃபர்: சின்னதாத்தான் வரையப் போனன். நீங்க கதவத் தொறந்த சத்தத்துக்கு கை இழுபட்டு... சூரியன்ட மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே கோடாப் போயிட்டு. அப்படியே மொடல்ல சேவ் ஆகிட்டு, சந்திரிகா. பொய்தானே எண்டு நான் அழிக்கல்ல.